சிக்கனப் பயணம் – 9: உருளைக்கிழங்கு விளையும் தீவு

நாக்சோஸ் தீவின் விமான நிலையத்தில் பெரிய ஜெட் விமானங்கள் இறங்க முடியாது. ஓடுபாதை அவ்வளவு குட்டை. ஏதென்ஸிலிருந்து புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானங்கள் மட்டும் வந்துபோகின்றன. லண்டனிலும் பாரிஸிலும் விமானம் ஏறி நேராகத் தீவில் வந்து இறங்க நினைப்பவர்கள் சாந்தோரினிக்கும் மிக்கோனோஸுக்கும் போய்விடுகிறார்கள். நாக்சோஸுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கப்பலில்தான் வர வேண்டும். ஒரு தீவின் விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணம் மண். சைக்கிளேட்ஸ் தீவுக் கூட்டத்தில் பரப்பளவில் பெரியது நாக்சோஸ், ஏறக்குறைய 430 சதுர கிலோமீட்டர். அதன் நடுவில் நிற்கும் ஸாஸ் மலை ஆயிரம் மீட்டரைத் தொட்டு, ஏஜியன் கடல்மேல் போகும் மேகங்களைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறது. அதனால் பக்கத்துத் தீவுகள் காய்ந்து கிடக்கும்போதும் இங்கே பள்ளத்தாக்குகளில் பசுமை உண்டு. உருளைக்கிழங்கு, ஆலிவ், எலுமிச்சை, திராட்சை எல்லாம் விளைகின்றன. மாடுகளும் ஆடுகளும் மேய்கின்றன. இந்தத் தீவின் 'கிராவியேரா' பாலாடைக்கட்டிக்கு 1996லும் உருளைக்கிழங்குக்கு 2011லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. மலையைக் குடைந்து பளிங்கும் எடுக்கிறார்கள். கோடையில் வருகிற விருந்தாளியிடமிருந்தே வருஷம் முழுவதற்குமான வருமானத்தைக் கறந்துவிட வேண்டும் என்ற நெருக்கடி இப்படிப்பட்ட ஊருக்கு இல்லை.

கிரேக்கத் தீவு என்றால் பணக்காரர்கள் போகிற இடமாயிற்றே, நாலு தோழிகள் சேர்ந்து குறைந்த செலவில் போய்வர முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தீவின் படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே என்ன விளைகிறது என்று விசாரியுங்கள். தனக்கென்று ஒரு பிழைப்பு உள்ள தீவில் உங்கள் பணமும் நிற்கும், உங்கள் மரியாதையும் நிற்கும்.

நாங்கள் நால்வர், கல்லூரித் தோழிகள். ஆளுக்கொரு ஊரில் வாழ்கிறோம். விசாவையும் விமானச் சீட்டையும் பற்றி முந்தைய வாரங்களில் விரிவாக எழுதியாகிவிட்டது. ஏதென்ஸும் சென்ற வாரத்தோடு முடிந்தது. இப்போது தீவுக்குப் போவோம்.

எந்த மாதம் போவது என்பதில்தான் பாதிச் செலவு தீர்மானமாகிறது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கிரேக்கர்களே நகரங்களைப் பூட்டிவிட்டுச் சொந்தத் தீவுகளுக்குத் திரும்பும் காலம் அது. கப்பலில் இடம் இருக்காது, அறை வாடகை உச்சத்தில் இருக்கும். போதாததற்கு 'மெல்தெமி' என்ற வடகாற்று வேறு கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். செப்டம்பர் பாதி தாண்டியதும் எல்லாம் இறங்குகிறது. கடல்நீர் மட்டும் கோடை முழுக்க வாங்கிய சூட்டை எளிதில் விடுவதில்லை. அக்டோபர் தொடக்கம் வரை குளிரெடுக்காமல் நீந்தலாம். அக்டோபர் கடைசியில் போனால் கடற்கரைப் பக்கம் பல உணவகங்கள் கதவடைத்திருக்கும். அதனால் செப்டம்பர் பின்பாதிதான் என் கணக்கு.

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரண்டு வகைக் கப்பல்கள் போகின்றன. வேகக் கப்பல் மூன்றரை மணி நேரத்தை ஒட்டிக் கொண்டுசேர்க்கும். அதில் கண்ணாடி ஜன்னலுக்குள் அடைந்து உட்கார்ந்திருக்க வேண்டும். லாரி, கார், பஸ் எல்லாவற்றையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய கப்பலுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கட்டணம் நன்றாகவே குறைவு. எண்ணிட்ட இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். சாதாரணச் சீட்டு வாங்கி, நேரத்தோடு ஏறி, மேல்தளத்தில் காற்று அடிக்காத பக்கமாக ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டால் போதும். துறைமுகத்துக்கு எதிரே பேக்கரிகள் உண்டு. கீரையும் ஃபெட்டாவும் வைத்துச் சுட்ட 'ஸ்பனாக்கோப்பிட்டா' இரண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் கப்பல் கேன்டீன் விலையிலிருந்து தப்பலாம். நாக்சோஸுக்கு முன்னால் வழக்கமாகப் பரோஸ் வரும். அங்கே ஒரு பெருங்கூட்டம் இறங்கிவிடும்.

நாக்சோஸ் துறைமுகத்துக்குள் கப்பல் திரும்பும்போது இடப்பக்கம் ஒரு திட்டின்மேல் பளிங்கு வாசல் ஒன்று தனியாக நிற்பது தெரியும். சுவரும் கூரையும் இல்லை, வெறும் நிலைச்சட்டம். அதுவே ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் லிக்டாமிஸ் என்ற ஆட்சியாளன் தொடங்கி, முடிக்காமல் விட்ட கோயில் அது. அப்போலோவுக்கான கோயில் என்பது பெரும்பாலோர் கருத்து. 1207ஐ ஒட்டி வெனிஸ்காரன் மார்க்கோ சனுடோ தீவைப் பிடித்தபின், கோயிலின் கற்களில் பல அவன் கட்டிய கோட்டைக்குப் போயின. இந்த வாசல் மட்டும் பெயர்க்க முடியாத கனம் என்பதால் தப்பியது என்பார்கள். ஊருக்குள்ளே அந்தக் கோட்டையும் இருக்கிறது. வளைவு வளைவாகச் சந்துகள் ஏறிப்போகும். எந்நேரமும் நடக்கலாம், சீட்டு கிடையாது. வாசலுக்கும் கிடையாது. மாலையில் சூரியன் அந்தச் சட்டத்துக்குள் இறங்குவதைப் பார்க்க ஊரே கரைமேல் நடந்துபோகிறது. நாங்களும் தினமும் போனோம்.

தங்கும் இடத்தைப் பற்றி ஒரு விவரம் சொல்ல வேண்டும், பலர் கவனிக்காமல் விடுவது. 2025 முதல் கிரேக்க அரசு பருவநிலை நெருக்கடிக்கான கட்டணத்தை உயர்த்தியிருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஐந்து நட்சத்திர ஹோட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ. செயலிகளில் பிடிக்கிற குறுகிய கால வாடகை வீட்டுக்கு 8 யூரோ. ஒன்றிரண்டு நட்சத்திர ஹோட்டலுக்கும், உரிமம் பெற்றுக் குடும்பங்கள் வாடகைக்கு விடும் அறைகளுக்கும் வெறும் 2 யூரோ. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கிற காலத்தில் இந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாடு. இன்னொரு நியாயமும் இருக்கிறது. குறுகிய கால வாடகை வீடுகள் பெருகப் பெருக, தீவுகளுக்கு மாற்றலாகி வரும் பள்ளி ஆசிரியர்களுக்கும் டாக்டர்களுக்கும் குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. இது கிரேக்கத்தில் வருஷா வருஷம் எழுகிற புகார். நம்முடைய மலிவு விடுமுறைக்காக ஓர் ஆசிரியை வீடில்லாமல் நிற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே குடும்பம் நடத்துகிற அறைகளைத் தேடினோம். ஊரின் விளிம்பில், ஆகியோஸ் கியோர்கியோஸ் கடற்கரைக்கு நடக்கிற தூரத்தில், இரண்டு படுக்கையறையும் ஒரு சின்ன அடுப்படியும் கிடைத்தன. நால்வருக்கும் சேர்த்து இரவுக்கு 80 யூரோ. வீட்டுக்காரப் பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். தெரிந்த ஆங்கிலம் பத்துச் சொல். மறுநாள் காலை கதவைத் தட்டி ஒரு கிண்ணம் அத்திப்பழம் கொடுத்தார். வேண்டாம் என்று மறுத்தால் வருத்தப்படுவார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று மாலை நாங்கள் ரவை கிளறி ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்கள் வீட்டில் ரவையும் பாகும் சேர்த்துச் செய்யும் 'ஹல்வா' நம் கேசரிக்கு வெகு நெருக்கம். அவர் சுவைத்துப் பார்த்துவிட்டு, ஏலக்காயைச் சுட்டி இது என்னவென்று கேட்டார். மிச்சமிருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை அவரிடமே விட்டுவந்தோம்.

பணத்தை எப்படிக் கையாண்டோம் என்று எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நண்பர்கள் சேர்ந்து போகிற பயணம் கசந்துபோவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பதால் சொல்கிறேன். முதல் நாளே ஆளுக்குச் சமமாக ஒரு தொகையை ஒரே பர்ஸில் போட்டோம். அறை, பஸ், மளிகை, இரவுச் சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. காபி, குடி, கடையில் வாங்கும் சாமான் எல்லாம் அவரவர் காசு. பர்ஸ் எங்களில் வங்கியில் வேலை பார்ப்பவளிடம்.

"யாரு எவ்ளோ தின்னீங்கன்னு நான் பாக்க மாட்டேன். பர்ஸ் காலியானா எல்லாரும் மறுபடி போடணும், அவ்ளோதான். சரின்னா சொல்லுங்கடீ."

எல்லோரும் சரி என்றோம். அதன்பின் பணப் பேச்சே எழவில்லை. இன்னொன்றும் ஒப்புக்கொண்டோம்: நாள் முழுவதும் நால்வரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டியதில்லை. ஒருத்திக்கு மணலில் படுத்துப் புத்தகம் படிக்க வேண்டும், இன்னொருத்திக்கு மலை ஏற வேண்டும். சேர்ந்தே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் வாடகைக் கார், படகுச் சவாரி என்று யாருக்கும் முழுசாகப் பிடிக்காத, எல்லோருக்கும் செலவு வைக்கிற ஏற்பாடுகளில் கொண்டுபோய் விடும். பகலில் பிரிந்து, இரவுச் சாப்பாட்டுக்குக் கூடினோம். அந்தச் சாப்பாடு வழக்கமாக இரண்டு மணி நேரம் நீண்டது. தவெர்னாக்களில் யாரும் விரட்டுவதில்லை. பில்லை நீங்கள் கேட்கும் வரை கொண்டுவரவும் மாட்டார்கள்.

தவெர்னா என்பது குடும்பம் நடத்துகிற சாதாரண உணவகம். நால்வர் போனால் தட்டுத் தட்டாகச் சொல்லி நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதுதான் அங்குள்ள வழக்கம். நமக்கும் கைவந்த வழக்கம், காசும் மிச்சம். நாக்சோஸில் உருளைக்கிழங்கு வறுவலைத் துணைக்கறியாக நினைக்காதீர்கள். அன்றைக்கு வெட்டி, ஆலிவ் எண்ணெயில் பொரித்து, மேலே பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு வருகிறது. உள்ளே மாவாகவும் வெளியே மொறுமொறுப்பாகவும் இருக்கும். நாங்கள் தினம் ஒரு தட்டாவது சொன்னோம். வீட்டுத் திராட்சை மதுவை அரைக் கிலோ, ஒரு கிலோ என்று எடைக்கணக்கில் குவளையில் ஊற்றித் தருவார்கள். பாட்டில் மதுவைவிட வெகு மலிவு.

இரண்டு எச்சரிக்கைகள். கடல் மீனுக்குப் பட்டியலில் கிலோ விலைதான் போட்டிருக்கும். மீனைக் காட்டச் சொல்லி, எடைபோட்டு, தொகையைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. உட்கார்ந்ததும் வரும் ரொட்டிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் சேரும், வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடலாம். முறையான ரசீது தராவிட்டால் பணம் தரக் கடமையில்லை என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. பட்டியல் அட்டையின் கீழே அதை அச்சிட்டிருப்பார்கள்.

ஏதென்ஸ் அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சைவக்காரர்கள் என்ன செய்வது என்று பல வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். எங்களில் ஒருத்தி முட்டைகூடத் தொடாதவள். எங்களில் மிக நன்றாகச் சாப்பிட்டவளும் அவள்தான். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களைக் கூட்டினால் வருஷத்தில் ஏறக்குறைய பாதி வரும். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. அப்படி நூற்றாண்டுக் கணக்கில் நோன்பிருந்த சமையலறைகளில் காய்கறிக்கும் பருப்புக்கும் தனி மரியாதை வளர்ந்திருக்கிறது. பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் ஊறவைத்து அடுப்பில் சுட்ட 'கிகாந்தெஸ்', மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் குழைத்து வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் போட்ட 'ஃபாவா', வேகவைத்த காட்டுக்கீரைமேல் எலுமிச்சை பிழிந்த 'ஹோர்த்தா', அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடமிளகாயும். இவை எல்லாம் பட்டியலில் மலிவான வரிசையில்தான் இருக்கும். நோன்புச் சாப்பாடு என்று அர்த்தம் தரும் 'நிஸ்திசிமோ' என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள், பரிமாறுபவர் சட்டென்று புரிந்துகொள்வார். திராட்சை இலையில் மடித்த சோற்றில் மட்டும் சில இடங்களில் கொத்துக்கறி கலப்பதுண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும்.

பகல் சாப்பாட்டை அநேகமாக அறையில் முடித்தோம். கிராவியேரா ஒரு துண்டு, தக்காளி, ரொட்டி, ஆலிவ். கட்டியை வெட்டித் தரும் கடைக்காரர் வாங்குவதற்கு முன் ருசி பார்க்கவும் ஒரு கீற்று நீட்டுவார்.

தீவைச் சுற்ற நான்கு சக்கர மோட்டார் பைக்கை வாடகைக்கு எடுப்பது இளைஞர்களிடையே மோகம். மலைச்சாலை வளைவுகளில் அவை கவிழ்கின்றன. நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துறைமுகத்திலிருந்தே பொது வழித்தட பஸ்கள் கிளம்புகின்றன. சீட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். கடற்கரைகளுக்கு அடிக்கடி பஸ் உண்டு. மலைக் கிராமங்களுக்குச் சில நடைகள்தான், திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

ஹல்கியில் இறங்குங்கள். பழைய காலத்தில் தீவின் வணிக ஊர் அது. 1896இல் தொடங்கிய வல்லிந்த்ராஸ் வடிசாலை இன்னும் அங்கே நடக்கிறது. கடாரங்காய் இனத்து மரத்தின் இலைகளை வடித்து 'கித்ரோன்' என்ற மதுவைச் செய்கிறார்கள். அங்கிருந்து ஆலிவ் தோப்புகளுக்குள் கல் பாவிய ஒற்றையடிப் பாதை மோனி கிராமத்தை நோக்கி ஏறுகிறது. போகிற வழியில் பனகியா த்ரோசியானி என்ற சின்னஞ்சிறு தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் கல்லை அடுக்கிவைத்த குவியல் போலிருக்கும். உள்ளே ஆறாம், ஏழாம் நூற்றாண்டின் சுவரோவியங்கள் மங்கலாக, ஆனால் முகம் தெரியும்படி நிற்கின்றன. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்க வேண்டியவை. இங்கே கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அபிராந்தோஸ் இன்னும் மேலே. தெருவெல்லாம் பளிங்கு பாவியது. இந்த ஊரும் சுற்றியுள்ள கிராமங்களும் பளிங்கால் மட்டும் பிழைக்கவில்லை. குருந்தம் கலந்த சாணைக்கல் இம்மலையில் கிடைக்கிறது. பண்டைச் சிற்பிகள் பளிங்கைத் தேய்த்து மெருகேற்றிய கல் அது. இருபதாம் நூற்றாண்டில் சுரங்கங்களிலிருந்து முட்சூனா துறைமுகத்துக்குக் கல்லை இறக்கக் கம்பிவடப் பாதை ஒன்றை அமைத்தார்கள். செயற்கைச் சாணைப் பொருட்கள் வந்து தொழில் நலிந்துவிட்டது. கம்பிவடத்தைத் தாங்கிய இரும்புத் தூண்கள் மலைச்சரிவில் இன்னும் நிற்கின்றன. அந்தச் சரிவில் நடப்பதற்காகவே நான் மறுபடி போனேன்.

மனோலிஸ் க்ளெசோஸ் 1922இல் பிறந்தது இந்த அபிராந்தோஸில்தான். 1941 மே 30 இரவு, ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் மேல் பறந்த நாஜிக் கொடியை நண்பர் அப்போஸ்தொலோஸ் சந்தாஸோடு சேர்ந்து இறக்கியவர். சிறையும் மரண தண்டனைத் தீர்ப்புகளும் பார்த்து மீண்டு, 1986இல் சொந்த ஊரின் ஊராட்சித் தலைவராகி, ஊர் விவகாரங்களை ஊரார் கூடி முடிவெடுக்கும் நேரடி மக்களாட்சியை அங்கே சோதித்துப் பார்த்தார். 2020இல் தம் 97ஆம் வயதில் மறைந்தார். கடலும் வெயிலும் தேடிப் போகிறவர்கள் இவரைப் பற்றி ஒரு வரியாவது தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

வடக்குக் கோடியில் அப்போலோனாஸ். பஸ் பயணம் நீளம், வயிறு பலவீனமானவர்களுக்கு வளைவுகள் சிரமம். ஆனால் அங்கே பழைய கல்குவாரியில் பத்து மீட்டருக்கு மேல் நீளமான ஒரு மனிதச் சிலை, பாதி செதுக்கிய நிலையில் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லாந்து கிடக்கிறது. தாடி இருப்பதால் டயோனைசஸ் கடவுளாக இருக்கலாம் என்கிறார்கள். பக்கத்தில் போய் நிற்கலாம். இதற்கும் சீட்டு இல்லை.

கடற்கரைக்கு வருகிறேன். ஆகியோஸ் ப்ரொக்கோபியோஸ், ஆகியா அன்னா, அதையடுத்து நான்கு கிலோமீட்டர் போல நீளும் ப்ளாக்கா. வெள்ளை மணல், தெளிந்த தண்ணீர். குடையும் சாய்நாற்காலியும் போட்டு வாடகை வாங்கும் இடங்கள் நிறைய. கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் துண்டை விரித்து உட்காரலாம். ஆனால் சட்டத்தில் இருப்பது மணலில் இருப்பதில்லை. 2023 கோடையில் பக்கத்துத் தீவான பரோஸில், உள்ளூர் மக்கள் துண்டை விரிக்கவே இடமில்லை என்று கைகோத்துக் கடற்கரைகளில் ஊர்வலம் போனார்கள். துண்டுப் போராட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. நாக்சோஸுக்கும் மற்றத் தீவுகளுக்கும் அது பரவியது. 2024இல் அரசு விதிகளை இறுக்கியது: சாய்நாற்காலிகள் தண்ணீரிலிருந்து குறைந்தது நான்கு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மீறினால் புகார் செய்ய 'மைகோஸ்ட்' என்று ஒரு செயலியும் வந்தது.

நம்மைப் போல எண்ணிச் செலவு செய்கிறவர்கள் இந்த ஊர்க்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் தெருவில் இறங்கியதால்தான் இலவசமாக உட்கார இடம் மிஞ்சியது. ப்ளாக்காவின் தெற்குப் பகுதியில் கூட்டம் குறையும், நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் எடுத்துப்போங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கடற்கரையில் கூடாரம் போட்டுத் தூங்குவது சட்டவிரோதம்.

கடைசியாகக் காற்றைப் பற்றி. செப்டம்பரிலும் காற்று வேகமெடுத்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் எவ்வளவு அவசரம் சொன்னாலும் கப்பல் நகராது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துவிடுமாறு திட்டமிடுங்கள். அந்த ஒரு நாள் அறை வாடகையை மிச்சம் பிடிக்கப் பார்த்தால், புது விமானச் சீட்டின் விலையைக் கட்ட வேண்டிவரும்.

நாங்கள் ஏதென்ஸுக்குத் திரும்பவில்லை. 'எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ்' என்ற சிறிய கப்பல் ஒன்று நாக்சோஸிலிருந்து புறப்பட்டு, இராக்லியா, ஸ்கினுசா, கூஃபோனிசியா போன்ற குட்டித் தீவுகளில் நின்று நின்று அமோர்கோஸுக்குப் போகிறது. அந்தத் தீவுகளின் மளிகையும் தபாலும் பள்ளிப் பிள்ளைகளும் பல காலமாக அதை நம்பித்தான் இருக்கின்றன. அலையில் நன்றாக ஆடும் என்று வீட்டுக்காரப் பெண்மணி கையை ஆட்டிக் காட்டினார். அடுத்த வாரம் அதில் ஏறுகிறோம்.

(தொடரும்)